எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை: கடைசி சோதனை வரைக்கும் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பிரசவம் நல்லபடியாக முடிந்துவிட்டது. கையில் குழந்தை, பையில் ஒரு சிரப் பாட்டில், அடுத்து எந்தத் தேதியில் வரவேண்டும் என்று எழுதிய சீட்டு. இங்கிருந்து தொடங்கி ஒன்றரை, இரண்டு வருடம் வரை பெற்றோர் மனதில் ஓடும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு பெரிய கவலை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறாவது வாரச் சோதனை 'நெகட்டிவ்' என்று வந்ததும் நிம்மதியாகி, அப்புறம் வராமலே இருந்துவிடும் குடும்பங்கள் நிறைய. அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால் அந்த முடிவு பாதி வழிதான். அதனால் கீழே பல பதில்களில் இதையே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்தின் பெயர், அளவு, சோதனை நாட்கள் எல்லாம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். இங்கே சொல்வது பெரும்பாலும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டியது. உங்கள் டாக்டர் கொடுத்த சீட்டில் வேறு மாதிரி இருந்தால் அதற்கான காரணத்தை அவரிடமே கேளுங்கள்.

எனக்கு எச்ஐவி இருக்கிறது. குழந்தைக்கும் கண்டிப்பாக வந்துவிடுமா?

இல்லை. எந்தச் சிகிச்சையும் இல்லாத காலத்திலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் வந்ததில்லை. அப்போது 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்கு வந்தது. தாய் ஒழுங்காக மருந்து எடுத்து, குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிலும் அது 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தாயின் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் இன்னும் வெகு குறைவு, ஒரு சதவீதத்துக்கும் கீழே.

இந்த மாற்றத்தின் தொடக்கம் 1994. கர்ப்பத்திலும் பிரசவத்தின்போதும் தாய்க்கும், பிறந்தபின் குழந்தைக்கும் சிடோவுடின் என்ற ஒரே ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், தொற்று 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைந்தது. ஒற்றை மருந்துக்கே அந்தப் பலன். இன்று தாய்மார் எடுப்பது மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சை.

வைரஸ் மூன்று சமயங்களில் பரவலாம் என்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். வயிற்றில் இருக்கும்போது, பிரசவ நேரத்தில், பிறகு தாய்ப்பால் வழியாக என்று மூன்று வழிகள். குழந்தைக்கு ஏன் ஒரே ஒரு சோதனை போதாது என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது. பிறந்த அன்றே சோதித்தால் வயிற்றில் வந்த தொற்றுதான் பெரும்பாலும் தெரியும். பிரசவத்தின்போது வந்தது ரத்தத்தில் தெரியச் சில வாரம் ஆகும். தாய்ப்பால் வழியாக வரக்கூடியதை ஆறாவது வாரச் சோதனை எப்படி முன்கூட்டியே சொல்லும்? அது இன்னும் நடக்கவே இல்லையே.

எனக்கு வைரல் லோடு (ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு) தெரியாத அளவுக்குக் குறைவு. பிறகு ஏன் குழந்தைக்குச் சிரப்?

மிச்சமிருக்கும் சின்ன ஆபத்தையும் அடைப்பதற்குத்தான். பொதுவாக ஆறு வாரம், தினமும் ஒரு வேளை நெவிரபின் சிரப். தாய்ப்பால் கொடுக்காத குழந்தைகளுக்குச் சில இடங்களில் சிடோவுடின் கொடுப்பதும் உண்டு.

ஆபத்து கூடுதலாக இருக்கும் குழந்தைகளுக்கு இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பார்கள். தாய்ப்பால் குடித்தால் 12 வாரம் வரை நீட்டிப்பார்கள். யார் இந்தக் குழந்தைகள்? தாய் பிரசவத்துக்கு முன் நான்கு வாரம்கூட மருந்து எடுக்கவில்லை, அல்லது பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் வைரல் லோடு ஆயிரத்துக்கு மேல் இருந்தது, அல்லது கர்ப்பத்தின்போதோ பால் கொடுக்கும் காலத்திலோதான் தாய்க்கே தொற்று வந்தது, அல்லது பிரசவ அறையில்தான் முதன்முதலில் தெரிந்தது. உங்கள் குழந்தைக்கு இரண்டு பாட்டில் கொடுத்தார்கள் என்றால் பயந்துவிடாதீர்கள். குழந்தைக்குத் தொற்று வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

சிரப்பைக் கக்கிவிட்டால்? ஒரு நாள் மறந்துவிட்டால்?

கொடுத்த அரை மணி நேரத்துக்குள் கக்கினால் மறுபடி கொடுக்கச் சொல்வது பொதுவான வழக்கம். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுங்கள், ஆனால் இரண்டு வேளை மருந்தை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஸ்பூனில் கண்மதிப்பாக ஊற்றாமல், அளவுக்கோடு போட்ட சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் உள்பக்கம் மெதுவாக விடுங்கள். உடம்பில் சிவந்த தடிப்பு வந்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றே காட்டவேண்டும். சிடோவுடின் சில குழந்தைகளுக்கு ரத்தச்சோகையைக் கொண்டுவரும், அதற்காக ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். மருந்து நின்றதும் அது பெரும்பாலும் சரியாகிவிடும்.

வேறு ஓர் இடத்தில் சாதாரண ரத்தச் சோதனை செய்தோம். குழந்தைக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. உயிரே போய்விட்டது.

இந்தக் கேள்வியோடு அழுதுகொண்டு வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம், யாராவது அவர்களுக்கு முன்பே விளக்கியிருக்கலாமே என்று தோன்றும்.

சாதாரண சோதனை தேடுவது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு செய்யும் ஆன்டிபாடியை. உங்கள் உடம்பில் இருக்கும் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போயிருக்கும். எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் சில மாதங்களில் அந்தச் சோதனை பாசிட்டிவ் காட்டும், தொற்று இல்லாத குழந்தைக்கும்கூட. தாய் கொடுத்தது மெல்ல மெல்லக் கரைந்து, பெரும்பாலான குழந்தைகளில் 18 மாதத்துக்குள் மறைந்துவிடும். சிலரிடம் 24 மாதம் வரை மிச்சம் இருக்கும்.

ஆகவே 18 மாதத்துக்கு முன் தொற்று உண்டா என்று சொல்ல வேண்டியது வைரஸையே தேடும் பிசிஆர் வகைச் சோதனை. ரிசல்ட் தாளில் எந்தச் சோதனை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். புரியாவிட்டால் அந்தத் தாளைக் கையோடு கொண்டுவாருங்கள்.

இவ்வளவு சின்னக் குழந்தையிடம் எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள்?

சில சொட்டுகள்தான். குதிகாலின் ஓரத்தில் சின்னதாகக் குத்தி, அட்டையில் இருக்கும் வட்டங்களில் சொட்டவிட்டு, காயவைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ரிசல்ட் வரச் சில நாளோ வாரமோ ஆகலாம். மருத்துவமனையிலேயே இருக்கும் சிறிய கருவியில் அன்றே முடிவு சொல்லும் வசதியும் பல இடங்களில் வந்துவிட்டது. குத்தும்போது நீங்கள் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தை அவ்வளவாக அழாது. கால் வெதுவெதுப்பாக இருந்தால் ரத்தம் சுலபமாக வரும், ஒரே குத்தில் முடியும். ஒரு சாக்ஸ் போட்டுக் கூட்டி வாருங்கள்.

ஆறு வாரத்தில் நெகட்டிவ். அவ்வளவுதானே?

பிறந்ததிலிருந்து தாய்ப்பாலே கொடுக்காத குழந்தை என்றால் பெரிய பகுதி தாண்டிவிட்டீர்கள். அப்படியும் ஒரே ஒரு நெகட்டிவை வைத்து முடிவு சொல்வதில்லை, இன்னும் ஒன்றிரண்டு சோதனை இருக்கும். குழந்தை தடுப்பு மருந்தில் இருக்கும்போது வைரஸ் அளவு அமுங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பது அதற்கு ஒரு காரணம்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால், இன்று வரைக்கும் இல்லை என்பதுதான் அந்த நெகட்டிவின் அர்த்தம். நாளைக்கு அது உத்தரவாதம் தராது. அதனால் 9 மாதத்தில் மறுபடி ஒரு பிசிஆர். நடுவில் எப்போது உடம்பு சரியில்லாமல் சந்தேகம் வந்தாலும் உடனே ஒன்று. கடைசியாக 18 மாதத்தில், அல்லது தாய்ப்பாலை முழுக்க நிறுத்தி மூன்று மாதம் கழித்து, இந்த இரண்டில் எது பின்னால் வருகிறதோ அப்போது ஒன்று.

கணக்கு இப்படி: 10 மாதத்தில் பால் நிறுத்தியிருந்தால் கடைசி சோதனை 18 மாதத்தில். 20 மாதம் வரை கொடுத்திருந்தால் 23 மாதத்தில். அந்தக் கடைசி சோதனைக்கு ஆன்டிபாடி சோதனையே போதும், ஏனென்றால் அதற்குள் தாய் கொடுத்தது பெரும்பாலும் கரைந்திருக்கும். அதில் பாசிட்டிவ் வந்தால் மட்டும், மிச்சம் மீதி ஆன்டிபாடியா உண்மையான தொற்றா என்று பார்க்கப் பிசிஆர் செய்வார்கள்.

'தொற்று இல்லை' என்ற வார்த்தையை டாக்டர் முழு மனதோடு சொல்வது அந்த நாளில்தான். அந்த நாள் எந்த மாதம் வரும் என்று இப்போதே கேட்டுக் குழந்தையின் அட்டையில் எழுதி வாங்குங்கள். குழந்தை நன்றாகத் தவழ்கிறது, சிரிக்கிறது, நோய் நொடி இல்லை, அப்புறம் எதற்கு இன்னொரு தடவை ரத்தம் எடுக்கவேண்டும் என்று மனம் சொல்லும். அந்தச் சமயத்தில் அட்டையில் இருக்கும் தேதி உங்களை இழுத்துக்கொண்டு வரும்.

ரிசல்ட் 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று வந்திருக்கிறது. இது என்ன?

வைரஸின் தடயம் இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும், மிகக் குறைந்த அளவில் காட்டியிருக்கிறது என்று பொருள். பாசிட்டிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நெகட்டிவாகவும் கூடாது. சீக்கிரமே புது ரத்தம் எடுத்து மறுபடி பார்ப்பார்கள். தடுப்பு மருந்தை அதுவரை நிறுத்தவேண்டாம்.

பாசிட்டிவ் வந்தால்?

உட்கார்ந்து அழ நேரம் வேண்டும், உண்மைதான். ஆனால் சிகிச்சையைத் தள்ளிப்போட நேரம் இல்லை. இரண்டாவது ரத்தம் எடுத்து உறுதிசெய்வார்கள், அந்த முடிவுக்குக் காத்திராமல் மருந்தையும் ஆரம்பித்துவிடுவார்கள்.

ஏன் இந்த அவசரம் என்றால், கைக்குழந்தைகளிடம் இந்த வைரஸ் பெரியவர்களிடம் போல வருடக்கணக்கில் பொறுமையாக இருப்பதில்லை. சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பும், பாதிப் பேர் இரண்டு வயதுக்குள்ளும் இறந்துவிடுகிறார்கள். முதல் சில மாதங்கள்தான் மிக மோசமானவை. ஆறாவது வாரச் சோதனைக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதும் இதனால்தான். தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நோய் முற்றும் வரை காத்திருக்காமல் கைக்குழந்தைப் பருவத்திலேயே மருந்து ஆரம்பித்ததில் இறப்பு 76 சதவீதம் குறைந்தது. சில வாரம் முந்தியதற்கு எவ்வளவு பெரிய பலன் பாருங்கள்.

மருந்தும் முன்பு மாதிரி இல்லை. கசப்பான சிரப்பைத் துப்பித் துப்பி அழும் குழந்தைகளோடு போராடிய காலம் ஒன்று இருந்தது. இப்போது நான்கு வாரம் ஆகி மூன்று கிலோ எடை வந்த குழந்தைக்கே டோலுடெக்ராவிர் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். ஒழுங்காகக் கொடுத்தால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும், படிக்கும், பெரியவனாகும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

சிகிச்சை ஆரம்பித்து வைரஸ் காணாமலே போய்விட்டதாம். நிறுத்திவிடலாமா?

கூடாது. 2010ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குப் பிறந்த 30 மணி நேரத்தில் சிகிச்சை தொடங்கினார்கள். சுமார் ஒன்றரை வயதில் மருந்து நின்றுபோனது. அதன்பிறகு 27 மாதம் வைரஸ் தலைகாட்டவே இல்லை. குணமாகிவிட்டது என்று உலகமே பேசியது. 2014ல் வைரஸ் திரும்பி வந்தது. அது உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும், மருந்து நின்றால் எழுந்துவிடும்.

தாய்ப்பால் கொடுக்கலாமா, கூடாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விஷயத்தில் அறிவுரையே பல தடவை மாறியிருக்கிறது.

சுத்தமான தண்ணீர், தொடர்ந்து பவுடர் பால் வாங்கும் வசதி இல்லாத இடங்களில் தாய்ப்பாலை நிறுத்தியதால் குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் இறந்தார்கள். எச்ஐவியிலிருந்து காப்பாற்றி வேறொன்றுக்குப் பறிகொடுத்த மாதிரி ஆனது. அதனால் உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்வது: தாய் மருந்தை விடாமல் எடுத்தால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு திட உணவோடு சேர்த்துக் குறைந்தது ஒரு வருடம், விரும்பினால் இரண்டு வருடமும் அதற்கு மேலும். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்த ப்ராமிஸ் ஆய்வில், தாய் சிகிச்சையில் இருந்தபோது தாய்ப்பால் வழியாகத் தொற்று வந்தது ஆறு மாதத்தில் 0.3 சதவீதம், ஒரு வருடத்தில் 0.6 சதவீதம் மட்டுமே. மிகக் குறைவு. ஆனால் பூஜ்யம் அல்ல, அதனால்தான் வசதி உள்ள நாடுகளில் நீண்டகாலம் 'கொடுக்கவேண்டாம்' என்றார்கள். அங்கேயும் இப்போது தாயோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் பக்கம் மாறிவருகிறார்கள்.

உங்கள் வீட்டு நிலை, வைரல் லோடு, பவுடர் பாலைப் பாதுகாப்பாகக் கலக்கும் வசதி, வீட்டாருக்கு உங்கள் நிலை தெரியுமா என்பது, இவை எல்லாம் சேர்ந்துதான் முடிவு. பிரசவத்துக்கு முன்பே கவுன்சலரிடம் பேசி முடிவெடுத்தவர்கள் பிறகு அவ்வளவாகத் தடுமாறுவதில்லை.

பால் கொடுப்பது என்று முடிவானால் ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் மாத்திரைதான் குழந்தைக்குக் கவசம். குழந்தைக்குச் சிரப்பை நேரம் தவறாமல் கொடுத்துவிட்டு, தூக்கமில்லாமலும் களைப்பிலும் தன் மாத்திரையை மறந்துபோகும் தாய்மார் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் இது மிகச் சாதாரணமாக நடக்கும். நடந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வைரல் லோடைப் பார்த்து, தேவைப்பட்டால் குழந்தைக்குத் தடுப்பு மருந்தைத் திரும்பத் தொடங்கலாம்.

இடையில் கொஞ்சம் பவுடர் பாலும் கொடுத்துவிட்டேன்.

முதல் ஆறு மாதத்தில் இரண்டையும் கலந்து கொடுப்பதைவிடத் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது பாதுகாப்பானது என்பது தாய்க்குச் சிகிச்சை இல்லாத காலத்தில் தெளிவாகத் தெரிந்தது. இன்றும் அதுவே நல்லது. ஆனால் கலந்துவிட்டது என்பதற்காகத் தாய்ப்பாலையே வெட்டிவிடாதீர்கள். நீங்கள் மாத்திரையில் இருந்தால் தொடரலாம்.

மார்பில் வெடிப்பும் வலியும் இருக்கிறது.

அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தி, பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, மறுபக்கம் கொடுங்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மார்பு வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தால் இன்னும் அவசரம். குழந்தை வாயில் வெள்ளை வெள்ளையாகப் புண் இருந்தால் அதையும் காட்டுங்கள். வெடிப்பும் வீக்கமும் வாய்ப்புண்ணும் தொற்றுக்கு வழி திறந்துவிடும். பால் நிறுத்தும் காலம் வந்தாலும் ஒரே நாளில் நிறுத்தாமல், ஒரு மாத காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

ஆறு வாரத்திலிருந்து கோட்ரைமாக்சசோல் என்று இன்னொரு மருந்தும் கொடுக்கச் சொல்கிறார்கள். இது எதற்கு?

எச்ஐவி உள்ள கைக்குழந்தைகளைத் திடீரென்று கொண்டுபோகும் ஒருவகை நிமோனியா உண்டு. அது மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் அதிகம் வரும். தொற்று உண்டா இல்லையா என்று முழுசாகத் தெரியும் முன்பே அந்த வயது வந்துவிடுகிறது. அதனால் தெரியும் வரை காவலுக்கு இந்த மருந்து. தொற்று இல்லை என்று உறுதியானதும், தாய்ப்பாலும் நின்றதும், நிறுத்திவிடுவார்கள். ஆபத்து மிகக் குறைந்த குழந்தைகளுக்குச் சில நாடுகளில் இதைக் கொடுப்பதில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தடுப்பூசிகள் எல்லாம் போடலாமா?

போடலாம், போடவேண்டும், தேதி தவறாமல். யோசிக்க வேண்டிய ஊசி முக்கியமாகக் காசநோய்க்கு எதிரான பிசிஜி. அதில் இருப்பது உயிருள்ள கிருமி. தாய் சிகிச்சையில் இருந்து, குழந்தையிடம் எந்த அறிகுறியும் இல்லை என்றால், காசநோய் அதிகமுள்ள நாடுகளில் பிறந்ததும் போட்டுவிடுவார்கள். பிறந்த உடனே செய்த சோதனையில் தொற்று உறுதியானால் மட்டும், சிகிச்சை ஆரம்பித்து எதிர்ப்பு சக்தி நிலைபெறும் வரை தள்ளிவைப்பார்கள். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்த குழந்தைக்குத் தட்டம்மை ஊசியிலும் இதே யோசனை உண்டு. தாய்க்கு ஹெபடைட்டிஸ் பி-யும் இருக்கலாம் என்பதால் அந்த முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டாயிற்றா என்று கேளுங்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சோதனை செய்தாயிற்றா என்றும் கேளுங்கள்.

ஒவ்வொரு செக்கப்பிலும் என்னதான் பார்க்கிறார்கள்? எடை போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த எடைதான் பல சமயம் முதல் செய்தியைச் சொல்கிறது. ஒரே ஒரு தடவை போட்ட எடைக்கு அவ்வளவு அர்த்தம் இல்லை, மாதா மாதம் போகும் கோட்டுக்குத்தான் அர்த்தம். இரண்டு மாதமாகக் கோடு ஏறாமல் படுத்திருந்தால், ரிசல்ட் என்ன சொல்லியிருந்தாலும் மறுபடி தேடுவார்கள். நீளம், தலைச்சுற்றளவு, வாய், தோல், கழுத்திலும் அக்குளிலும் கட்டி, வயிறு இவற்றையும் பார்க்கவேண்டும். முகம் பார்த்துச் சிரிக்கிறதா, கழுத்து நின்றதா, உட்கார்கிறதா, சத்தத்துக்குத் திரும்புகிறதா, வார்த்தை வருகிறதா என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் இருமல் அல்லது காசநோய் இருந்தால் அதையும் சொல்லியே ஆகவேண்டும். அப்புறம், அதே நாளில் உங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஒரு நாள், தாய்க்கு ஒரு நாள் என்று இரண்டு முறை அலையவைத்தால் தாயின் நாள்தான் விட்டுப்போகும்.

எதைக் கண்டால் தேதிக்குக் காத்திராமல் ஓடிவரவேண்டும்?

மூச்சு வாங்குதல், விலா எலும்பு உள்ளே இழுத்தல், பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத அசதி. இவற்றுக்கு இரவா பகலா என்று பார்க்காதீர்கள். ஓரிரு நாளில் காட்ட வேண்டியவை: விடாத காய்ச்சல், இரண்டு வாரம் தாண்டிய வயிற்றுப்போக்கு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், காதில் சீழ், கன்னத்தின் கீழ் வீக்கம், கற்றுக்கொண்டதை மறந்துபோதல். முன்பு உட்கார்ந்த குழந்தை இப்போது உட்காரவில்லை என்றால் சோம்பல் என்று விட்டுவிடக் கூடாது.

கடைசி சோதனையும் நெகட்டிவ். இனிமேலும் எதற்காக வரவேண்டும்?

முதலில், சந்தோஷப்படுங்கள். அதற்கு நீங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

தாய்க்கு எச்ஐவி இருந்தும் தொற்று இல்லாமல் பிறந்து வளரும் பிள்ளைகள் உலகத்தில் சுமார் 1.6 கோடி. நீண்டகாலம் இவர்களை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. நெகட்டிவ் என்றதும் கோப்பை மூடிவிட்டார்கள். பிறகு பல ஆய்வுகளில் தெரிந்தது என்னவென்றால், சராசரியாகப் பார்த்தால் இந்தக் குழந்தைகளுக்கு முதல் வருடத்தில் நிமோனியா, வயிற்றுப்போக்கு மாதிரியான தொற்றுகளால் மருத்துவமனையில் சேரும் நிலை மற்றக் குழந்தைகளைவிடக் கொஞ்சம் அதிகம். குறைப்பிரசவமும் எடைக் குறைவும் சற்று அதிகம். பேச்சு வருவதிலும் உடல் அசைவுகளிலும் சிறிய தாமதம் சிலரிடம் தெரிகிறது. தாயிடமிருந்து வரும் பாதுகாப்பு ஆன்டிபாடிகள் குறைவாக வருவது, வீட்டில் காசநோய், தாயின் உடல்நலம், வறுமை, மனச்சோர்வு என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன.

இதைப் படித்துவிட்டு உங்கள் குழந்தையை நோயாளி மாதிரி பார்க்காதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் எந்தக் குறையும் இல்லாமல் வளர்கிறார்கள். நான் கேட்பதெல்லாம் ஐந்து வயது வரை வழக்கமான வளர்ச்சிச் செக்கப்பை விடாதீர்கள் என்பதுதான். பேச்சு தாமதம் என்றால் சீக்கிரம் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்தால் நல்ல பலன் இருக்கும். தினமும் குழந்தையோடு பேசுவதும் கதை சொல்வதும் விளையாடுவதும் அந்தப் பயிற்சியில் பாதி.

கர்ப்பமாக இருந்தபோது நான் சாப்பிட்ட மாத்திரைகள் குழந்தையைப் பாதித்திருக்குமா?

இதற்கு நேர்மையான பதிலே தொடர் கண்காணிப்பினால்தான் கிடைக்கிறது. ஓர் உதாரணம். 2018ல் போட்ஸ்வானாவில், கருத்தரிக்கும்போதே டோலுடெக்ராவிர் எடுத்த 426 தாய்மாரின் குழந்தைகளில் 4 பேருக்கு மூளை, முதுகுத்தண்டு உருவாவதில் குறை இருந்தது. உலகமே பதறியது. பல பெண்களுக்கு அந்த மருந்தைக் கொடுக்கவே தயங்கினார்கள். ஆனால் அங்கே பிறப்புகளைப் பதிவுசெய்வதை நிறுத்தவில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்த்தபின் அந்த விகிதம் இறங்கி இறங்கி, கடைசியில் மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்று தெளிவானது. 2019லேயே உலக சுகாதார நிறுவனம் அதை எல்லோருக்குமான முதல் மருந்தாகப் பரிந்துரைத்துவிட்டது. கர்ப்பத்தில் இந்த மருந்துகளை எடுத்தவர்களைப் பற்றிய ஒரு பன்னாட்டுப் பதிவேடு 1989 முதல் நடக்கிறது. உங்கள் குழந்தையின் செக்கப் விவரமும் இப்படி ஒரு நாள் வேறொரு தாயின் பயத்தைப் போக்கலாம்.

மாத்திரை எடுக்காமல் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய ஆபத்து, எடுத்ததால் வரக்கூடியதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தக் குற்ற உணர்ச்சி உங்களுக்கு வேண்டாம்.

வீட்டில் முத்தம் கொடுத்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் குழந்தைக்கு வருமா?

வராது. கொஞ்சுங்கள், குளிப்பாட்டுங்கள், கூடப் படுங்கள். ஒன்றை மட்டும் தவிருங்கள்: உணவை உங்கள் வாயில் மென்று குழந்தைக்குக் கொடுப்பது. ஈறில் ரத்தக்கசிவு இருந்து, அப்படி மென்று கொடுத்த உணவு வழியாகத் தொற்று வந்த ஒருசில நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. பல் தேய்க்கும் பிரஷ், ரேசர் மாதிரியானவை தனித்தனியாக இருக்கட்டும்.

குழந்தையின் அட்டையில் என் நிலையை எழுதினால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே.

நியாயமான பயம். அட்டையில் வெளிப்படையாக எழுதாமல் குறியீடு போடமுடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் அப்படி ஏற்பாடு உண்டு. ஆனால் குழந்தைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நிமோனியாவோடு கொண்டுவரும் குழந்தையிடம் எதைத் தேடவேண்டும் என்பது அந்த ஒரு தகவலில் மாறிவிடும். யாருக்குத் தெரியலாம், யாருக்குக் கூடாது என்பதை முடிவு செய்யும் உரிமை உங்களுடையது.

பிள்ளையிடம் எப்போது சொல்வது?

பிள்ளைக்கே தொற்று இருந்தால் 6 முதல் 12 வயதுக்குள், வயதுக்கேற்ற மாதிரி படிப்படியாக. முதலில் 'உடம்பில் காவல் காக்கும் வீரர்களுக்கு உதவும் மாத்திரை' என்று ஆரம்பித்து, பெயரைப் பிறகு சொல்லலாம். வேறு யார் வாயிலிருந்தாவது தெரிவதைவிட உங்களிடமிருந்து தெரிவது ஆயிரம் மடங்கு மேல். தொற்று இல்லாத பிள்ளையிடம் உங்கள் நிலையைச் சொல்வதற்கு அவசரம் எதுவும் இல்லை, உங்களுக்குத் தைரியம் வரும்போது சொல்லலாம்.

நான் குழந்தையின் பாட்டி. தாய் இல்லை. எனக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது.

பிரசவச் சீட்டு, மருந்துச் சீட்டு, தடுப்பூசி அட்டை என்று வீட்டில் கிடைக்கும் எல்லாத் தாளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் அம்மா. ஒன்றும் கிடைக்காவிட்டாலும் வெறும் கையோடு வாருங்கள். குழந்தையின் வயதைச் சொன்னால் எந்தச் சோதனையிலிருந்து தொடங்குவது என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

ஆறு வாரத்துக்குப் பிறகு நாங்கள் போகவே இல்லை. இப்போது பதினான்கு மாதம். திட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

போங்கள். நாளைக்கே போங்கள். 14 மாதத்தில் ஒரு பிசிஆர் செய்யலாம், 18 மாதத்தில் கடைசி சோதனையும் செய்யலாம், எதுவும் கைநழுவிவிடவில்லை. உங்கள் மாத்திரையும் நடுவில் நின்றிருந்தால் அதையும் அன்றே திரும்ப ஆரம்பிக்கலாம். யாராவது கடுமையாகப் பேசினால், 'விட்டுவிட்டது தெரியும், அதனால்தான் வந்திருக்கிறேன்' என்று சொல்லி உட்காருங்கள். திரும்பி வருகிற தாயிடம் கோபப்படுவது எங்கள் பக்கத்துத் தவறு.

வீட்டில் இதற்கு முன் பிறந்த பிள்ளைகள் இருந்து, அவர்களுக்கு ஒருதரமும் சோதனை செய்ததில்லை என்றால், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து வயது, எட்டு வயது ஆகி நன்றாக ஓடியாடும் பிள்ளையிடமும் பிறப்பில் வந்த தொற்று மறைந்திருக்கலாம். அந்த வயதில் சாதாரண சோதனையே போதும், கையில் ஒரே ஒரு குத்துதான்.